இருபத்துநான்காவது மணித்தியாலம்

இரஞ்சிதத்தின் கை எந்த மண்முட்டிக்குள் போனாலும் கறுப்புக் கொட்டையோடுதான் வெளியே வரும் என்பது 1961ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவில் உறுதியானது. அன்றைக்குக் குளத்தில் ஒன்பதரை அடி தண்ணீர் நின்றது. புதுக்குடியிருப்பில் செத்தல் மிளகாய் விலை சற்று இறங்கியிருந்தது. வேறு விசேடம் எதுவும் இல்லை.

மருதமோட்டைக் குளம் விசுவமடுவுக்குத் தெற்கே, காட்டின் விளிம்பில் இருந்தது. 1952இல் அதன் கீழே காடு வெட்டிக் குடியேற்றம் தொடங்கியபோது, ஏழாம் வாய்க்காலுக்கு இருபத்துநான்கு குடும்பங்கள் வந்தன. எல்லோரும் வடமராட்சிப் பக்கத்து ஆட்கள். ஆளுக்கு மூன்று ஏக்கர் வயல். மாரி மழையோடு செய்யும் காலபோகத்துக்கு எல்லோருக்கும் தண்ணீர் காணும். சிக்கல் கோடையில் செய்யும் சிறுபோகத்தில்தான். குளத்தில் மிஞ்சும் தண்ணீர் ஏழாம் வாய்க்காலில் எட்டுக் காணிக்கு மட்டுமே காணும். இருபத்துநான்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டால் பாதியை வாய்க்கால் மண்ணே குடித்துவிடும்; மிச்சம் எவருடைய பயிரையும் கதிர் வரும்வரை கொண்டுபோகாது. ஆகவே எட்டுப் பேர் விதைக்க வேண்டும், பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த எட்டுப் பேர் யார் என்பதை முதல் வருடம் மண்வெட்டிப் பிடியால் தீர்க்கப் பார்த்ததில் தவராசாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் சீட்டு வந்தது.

சீட்டுக்குக் கடதாசி பாவிக்கவில்லை. கடதாசியை மடிக்கிற விதத்தில் அடையாளம் வைக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தது. புளியங்கொட்டை இருபத்துநான்கை எடுத்து, எல்லாவற்றையும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, அவற்றில் பதினாறைக் கடுக்காய் மையில் ஊறவைத்துக் கறுப்பாக்கினார்கள். வெள்ளை எடுத்தவருக்குத் தண்ணீர், கறுப்பு எடுத்தவருக்கு இல்லை. தேய்க்காத கொட்டையையும் தேய்த்த கொட்டையையும் விரல் பிரித்தறிந்துவிடும் என்பதால்தான் கறுப்பாக வேண்டியவற்றையும் முதலில் தேய்த்தார்கள். எந்த விரலுக்கும் எந்தக் கொட்டையும் ஒன்றுபோலவே இருந்தால்தான் அது சீட்டு. இந்த யோசனையைச் சொன்னவர் ஹலீம். தண்ணீரூற்றிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்பவர். ஏழாம் வாய்க்காலில் அவருக்கு ஒரு சாண் காணியும் கிடையாது. அதனாலேயே கொட்டைகளைப் போட்டுக் குலுக்கும் முட்டியைப் பிடிக்கும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். தண்ணீரால் நன்மையும் தீமையும் இல்லாத ஒருவர்தான் முட்டியைத் தொடலாம் என்பது அன்று எழுதாமல் எழுதிய விதி. காணிக்காரர் தங்கள் சொந்தக் கையாலேயே கொட்டையை எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று.

முதல் சில வருடங்கள் எல்லோரும் முட்டிக்கு முன்னால் முந்தியடித்தார்கள். முன்னுக்கு எடுத்தால் வெள்ளை நிறைய இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். முன்னுக்கு நிற்பவர்கள் கறுப்பைத் துடைத்து எடுத்துவிடுவார்கள், கடைசியாகப் போவதே நல்லது என்று வேறு சிலர் பதுங்கினார்கள். ஹலீம் ஒரு வருடம் ஒரு காரியம் செய்தார். எடுத்த கொட்டையைப் பார்க்காமல், கையைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொன்னார். இருபத்துநான்கு பேரும் பொத்திய கையோடு வட்டமாக நின்றார்கள்.

“இப்ப சொல்லுங்கோ, ஆரின்ர கையிலை வெள்ளை இருக்க வாய்ப்புக் கூட?” என்று கேட்டார்.

எல்லாக் கைகளும் ஒரே மாதிரிப் பொத்தியிருந்தன. இருபத்துநான்கு கை, எட்டு வெள்ளை. ஆகவே எந்தக் கைக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. யார் முதலில் எடுத்தார் என்பது கையைப் பார்த்தால் தெரியாது, கொட்டைக்கும் தெரியாது. அன்றோடு முந்தியடிப்பு நின்றது. “நானா எங்கட ஓட்டத்தையும் நிப்பாட்டிப்போட்டார்” என்று ஏரம்பு சிரித்தார். முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் எல்லோரும் ஹலீமை நானா என்றே சொன்னார்கள். ஏரம்பு வாய்க்கால் தலைப்பில் காணி வைத்திருந்தவர். பேச்சில் காரம் உண்டு, கணக்கில் சுத்தம் உண்டு.

இரஞ்சிதத்தின் காணி வாய்க்காலின் நடுவில் இருந்தது. புருசன் நடராசா காடு வெட்டிய முதல் வருடமே பாலைமரம் சாய்ந்து செத்துப்போனான். காணிப் பெர்மிட் அவள் பெயருக்கு மாறியது. இரண்டு பெண்பிள்ளைகள். அந்தப் பெர்மிட்டில் ஒன்பதாவது விதியாக ஒன்று இருந்தது: பத்து வருடத்துக்குள் ஒரு சிறுபோகமாவது, குறைந்தது ஒரு ஏக்கராவது செய்கை பண்ணாத காணி திருப்பி எடுக்கப்படும். எழுதியவர் குளம் எப்போதும் நிறைந்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த விதி ஒரு பொருட்டல்ல. பத்து வருடத்தில் மூன்று தரமாவது வெள்ளை விழுந்துவிடும். இரஞ்சிதம் 1953இலிருந்து 1960 வரை எட்டு வருடமும் கறுப்பையே எடுத்தாள்.

அவளுடைய கையில் ஏதோ இருக்கிறது என்று ஆட்கள் பேசத் தொடங்கியபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று முதலில் வாதாடியவரும் ஹலீம்தான். அவர் கணக்கு நிதானமானது. ஒரு வருடம் கறுப்பு விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு. அடுத்த வருடமும் விழ, அந்த மூன்றில் இரண்டில் மூன்றில் இரண்டு. இப்படி எட்டுத் தரம் பெருக்கிக்கொண்டு போனால் ஏறக்குறைய இருபத்தாறில் ஒன்று என்று வரும். இருபத்தாறு பேர் எட்டு வருடம் சீட்டு எடுத்தால், எட்டுத் தரமும் கறுப்பெடுக்க ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஏழாம் வாய்க்காலில் இருபத்துநான்கு பேர். ஆகவே இப்படி ஒருவர் இருப்பது அதிசயமில்லை. அது இரஞ்சிதமாக இருந்ததுதான் அவளுடைய வில்லங்கம். துணி விரிக்கிற பாயில் இதைக் கொட்டைகளால் அடுக்கிக் காட்டி, “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, கொட்டைக்குப் போன வருசத்து ஞாபகம் கிடையாது” என்றார்.

“எனக்கு இருக்குது நானா” என்றாள் இரஞ்சிதம்.

அந்தப் பதில் ஹலீமைக் குடைந்தது. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் வைத்திருப்பது அவருக்கு ஊத்தை உடுப்போடு இருப்பது மாதிரி. அதனால்தான் 1961 மாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றொன்பது வெள்ளைக் கொட்டைகளையும் ஒரேயொரு கறுப்பையும் பெரிய முட்டியில் போட்டுக் குலுக்கி, அவளை எடுக்கச் சொன்னார். கறுப்பு வந்தது. நூறில் ஒன்று, நடக்கலாம். திரும்பப் போட்டுக் குலுக்கினார். கறுப்பு. மூன்றாம் தரம் முட்டியை ஏரம்புவிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். கறுப்பு. நூறில் ஒன்றின் நூறில் ஒன்றின் நூறில் ஒன்று என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. ஹலீம் கொட்டைகளைத் துணியில் முடிந்து, தன் பழைய கணக்கை அழித்து, இரஞ்சிதத்தின் கைக்கு வேறு கணக்குப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பங்குனியில் சீட்டுக் கூட்டம் வந்தபோது ஒரு நல்ல யோசனை எழுந்தது. அவள் கைக்குக் கறுப்புத்தானே வேண்டும்? கறுப்பையே தண்ணீர் ஆக்கிவிடலாம். எட்டைக் கறுப்பாகவும் பதினாறை வெள்ளையாகவும் போட்டு, இந்த வருடம் கறுப்புக்குத்தான் தண்ணீர் என்று நீர்ப்பாசன ஓவசியர் பாலன் புத்தகத்தில் எழுதினார். ஏரம்பு கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு விதவையின் காணி போவதை யாரும் விரும்பவில்லை. இரஞ்சிதம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முட்டிக்குள் விட்டாள். எடுத்து விரித்தாள். வெள்ளை. அதுவரை வெள்ளைக் கொட்டையை அவள் உள்ளங்கையில் யாரும் கண்டதில்லை. அதைக் கண்ட முதல் நாளும் அதற்குத் தண்ணீர் இல்லை.

கை நிறத்தைத் தேடவில்லை, காய்ந்த காணியைத்தான் தேடுகிறது என்பது அப்போது விளங்கியது. பிறகு பின்னால் நின்ற தவராசா, பக்கத்து ஆளிடம் சொல்வதாக நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எப்பிடியோ, எங்களுக்கு ஒரு காய்ஞ்ச கொட்டை குறைஞ்சுது.”

இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது ஒரு வருடம் அவளோடு இருந்தது. நெல்லுக் குற்றும்போதும், வேலி அடைக்கும்போதும், மூத்தவள் நேசமலருக்குத் தலை இழுத்துப் பின்னிவிடும்போதும் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

1962 பத்தாவது வருடம், பெர்மிட்டின் கடைசித் தவணை; மறுபடி வெள்ளைக்கே தண்ணீர். கூட்டத்தன்று காலையில் அவளைக் கூட்டிவர மாட்டுவண்டில் போயிற்று. அவள் முதலில் எடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று வாய்க்கால் முழுக்க ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. உண்மையில் அவள் முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் ஒன்றுதான். அவளுக்காக ஒரு கறுப்பு முட்டிக்குள் காத்துக்கொண்டிருக்கும், வேறு எவர் விரலுக்கும் அது சிக்காது. பொத்திய கைப் பாடம் மறந்து போயிருந்தது. இருக்க ஒரு கதிரையும் வைத்திருந்தார்கள். அவள் கதிரையில் இருக்கவில்லை. முட்டிக்குள் கையும் விடவில்லை.

“நானா, ஒரு கேள்வி. நான் கறுப்பெடுக்கிறதாலை மற்றவைக்கு வாய்ப்பு எவ்வளவு கூடுது? கணக்காச் சொல்லுங்கோ.”

ஹலீமின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மணலில் குந்தி, விரலால் எழுதினார். எல்லாக் கையும் ஒரே மாதிரி என்றால் இருபத்துநான்கு பேருக்கு எட்டு வெள்ளை: மூன்றில் ஒன்று. ஆனால் ஒரு கறுப்பு இரஞ்சிதத்துக்கென்றே போய்விடுவதால், மிச்சம் இருபத்துமூன்று பேருக்கு அதே எட்டு வெள்ளை: இருபத்துமூன்றில் எட்டு. இந்த இரண்டையும் அப்படியே வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குத் தெரியாது. அரைக் கஜத் துணியையும் முக்கால் முழத் துணியையும் ஒப்பிடுகிற மாதிரி. ஒரே அளவுகோலுக்கு இரண்டையும் கொண்டுவர வேண்டும். மூன்றும் இருபத்துமூன்றும் பொருந்துகிற அளவு அறுபத்தொன்பது.

“அறுபத்தொன்பது வருசம் சீட்டுப் போடுறம் எண்டு வையுங்கோ” என்றார். “நியாயமான முட்டி எண்டால் ஆளுக்குச் சராசரி இருபத்துமூண்டு வருசம் தண்ணி. தங்கச்சியின்ர கை இருக்கிறதாலை இருபத்துநாலு வருசம். ஆளுக்கு ஒரு வருசம் கூட.”

“அறுபத்தொன்பது வருசத்திலை ஒரு வருசமோ?” ஏரம்பு கெக்கட்டமிட்டுச் சிரித்தார். “அதுக்கு முதல் நான் சுடலைக்குப் போயிடுவன். இதுவும் ஒரு கூடுதலே, நானா?”

“ஒரு ஆளுக்குச் சின்னன்தான் அண்ணை. இஞ்சை எத்தினை பேர்?”

இருபத்துமூன்று பேர். ஆளுக்கு ஒரு வருடமாக இருபத்துமூன்று வருடம். அறுபத்தொன்பதில் இருபத்துமூன்று. அது மூன்றில் ஒன்று. சரியாக இரஞ்சிதத்துக்கு வந்திருக்க வேண்டிய பங்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மணலில் எழுதியிருந்ததை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாக அந்தப் பங்கு காணாமல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். குளத்துக்குப் போயிருக்கலாம், வானத்துக்குப் போயிருக்கலாம். அது எங்கும் போகவில்லை. ஒருவருக்கும் தெரியாத மெல்லிய கீறல்களாக அவர்களுடைய வயல்களுக்குள்ளேயே இருந்தது.

“அப்ப என்ன, இவவுக்குத் தர்மம் பண்ணச் சொல்லுறியளோ?” என்றார் ஏரம்பு. “இண்டைக்கு ஒராளுக்குச் சீட்டில்லாமல் தண்ணி விட்டால், நாளைக்கு ஆளுக்கொரு கவலையைக் கொண்டருவினம். பிறகு மண்வெட்டிதான். தவராசாவின்ர தோளைக் கேட்டுப் பாருங்கோ.”

அது சரியான பேச்சு. சீட்டு வந்ததே அழுகையையும் பலத்தையும் வெளியே வைக்கத்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“தர்மம் வேண்டாம் அண்ணை. நான் சீட்டெடுக்கிறன். கறுப்பு வந்தால் எனக்கு முழுத் தண்ணி இல்லை, ஓம். ஆனால் உங்கட இருபத்துநாலிலை ஒண்டு என்ர எண்டு நானா கணக்குக் காட்டிப்போட்டார். அந்த ஒண்டைத் தாங்கோ.”

“நான் கறுப்பெடுத்தால்?” என்றார் ஏரம்பு.

“எடுத்தால் நீங்கள் ஒண்டும் தரத் தேவையில்லை. வெள்ளை எடுத்த ஆள்தான் தரவேணும்.”

“வெள்ளை எடுத்த ஆள் எதை எப்பிடி வெட்டித் தாறது? கால் கதிர், அரைக் கதிரோ?”

இதற்கு விடை பாலன் ஓவசியரிடம் இருந்தது. தன்னிடம் இருப்பது விடை என்று அதுவரை அவருக்குத் தெரியாது. எட்டுக் காணிக்கும் தண்ணீர் முறை வைத்து விடப்பட்டது. ஒரு காணிக்கு ஒரு நாள், இருபத்துநான்கு மணித்தியாலம். எட்டு நாளில் ஒரு சுற்று. குளத்து மதகான துருசடியில் அதற்கென்று ஓர் அலாரம் மணிக்கூடும் இருந்தது. ஆளுக்கு இருபத்துமூன்று மணித்தியாலம் விட்டால் எட்டுப் பேரிடமும் ஒவ்வொரு மணித்தியாலம் மிஞ்சும். சுற்றின் முடிவில் எட்டு மணித்தியாலம். மூன்று ஏக்கருக்கு இருபத்துநான்கு என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு ஏக்கர். சுற்றும் எட்டு நாளிலேயே முடியும், குளத்திலிருந்து ஒரு சொட்டுக் கூடப் போகாது. பெர்மிட்டின் ஒன்பதாவது விதி கேட்டதும் ஒரு ஏக்கர்தான். இவ்வளவும் இப்படிப் பொருந்தி வந்தபோது ஹலீமுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி அவர் சால்வையால் துடைத்துக்கொண்டார்.

ஏரம்பு மணலில் குந்தி, கணக்கை மேலிருந்து கீழே ஒருதரமும் கீழிருந்து மேலே ஒருதரமும் பார்த்தார். பிழை பிடிக்க அவர் உண்மையாகவே முயன்றார். முடியவில்லை. எழும்பி, “ஒரு நிபந்தனை. எண்டைக்காவது இவ வெள்ளை எடுத்தால், அண்டோடை மணித்தியாலம் நிக்கும்” என்றார்.

“ஓம், நிக்கத்தானே வேணும்” என்றாள் இரஞ்சிதம். பிறகு முட்டிக்குள் கையை விட்டுக் கறுப்பை எடுத்தாள்.

அந்த வருடம் வெள்ளை எடுத்த எட்டுப் பேரில் ஏரம்புவும் ஒருவர். அவர் தன் மூன்று ஏக்கரில், ஒரு மணித்தியாலத்துக்குரிய இரண்டு பரப்பை, அதாவது ஏக்கரில் எட்டிலொன்றை, அளந்து வரம்பு கட்டி, விதைக்காமல் விட்டார். மற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை. தண்ணீரை இழுத்துப் பிடித்து மூன்று ஏக்கரையும் விதைத்து, ஓரங்களில் கொஞ்சம் பதரை அறுத்தார்கள். எப்படியானாலும் இரஞ்சிதத்தின் காணியில் எட்டு நாளைக்கு ஒருதரம் எட்டு மணித்தியாலம் தண்ணீர் பாய்ந்தது. ஆடி மாதம் ஓர் உத்தியோகத்தர் வந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பால் நடந்து, ஒரு ஏக்கர் நெல் கதிர் தள்ளி நிற்பதைக் கண்டு, “செய்கை உண்டு” என்று எழுதிக்கொண்டு போனார். காணி அவளிடமே நின்றது.

மணித்தியாலம் அந்த ஒரு வருடத்தோடு முடியவில்லை. 1963இலும் 1964இலும் அவள் கறுப்பெடுத்தாள், எட்டுப் பேர் இருபத்துமூன்று மணித்தியாலத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கரையேறினார்கள். தவராசாவின் பேரப்பிள்ளைகள் ஒரு நாளுக்கு இருபத்துமூன்று மணித்தியாலம் என்றும் மிச்சம் ஒன்று இரஞ்சிதத்தின் மணித்தியாலம் என்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கினார்கள்.

1964 மார்கழிப் புயலோடு குளம் நிரம்பி வான் பாய்ந்தது. அடுத்த சிறுபோகத்துக்கு ஏழாம் வாய்க்காலின் இருபத்துநான்கு காணிக்கும் தண்ணீர் இருந்தது. சீட்டே தேவையில்லை. ஆனால் சீட்டு எடுத்ததாகப் புத்தகத்தில் எழுதாமல் துருசைத் திறக்க ஓவசியருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே கடுக்காய் மை தொடாத இருபத்துநான்கு கொட்டைகள், எல்லாம் வெள்ளை, முட்டிக்குள் போடப்பட்டன. ஹலீம் எண்ணினார். ஏரம்புவும் எண்ணினார். பழைய கறுப்புக் கொட்டைகள் பதினாறும் ஹலீமின் சைக்கிள் பெட்டியில் துணியில் முடிந்து கிடந்தன.

“இண்டைக்கு உங்கட மணித்தியாலம் போகுது தங்கச்சி” என்றார் ஏரம்பு. குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்ததாக அங்கு நின்றவர்கள் சொன்னார்கள்.

இரஞ்சிதம் கையை விட்டாள். எடுத்து விரித்தாள். கறுப்பு.

ஹலீம் சைக்கிளுக்குப் போய் முடிச்சை அவிழ்த்து எண்ணினார். பதினாறு இருந்தது. திரும்பி வந்து முட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்பதால், முட்டியை அடுத்த ஆளிடம் நீட்டினார். ஏரம்பு வெள்ளை எடுத்தார். தவராசா வெள்ளை எடுத்தார். இருபத்துமூன்று பேரும் வெள்ளை எடுத்து முடிந்தபோது முட்டியின் அடியில் இன்னொரு வெள்ளைக் கொட்டை கிடந்தது.

அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாலன் ஓவசியர் புத்தகத்தைத் தொடையில் வைத்து, போட்ட கொட்டை இருபத்துநான்கு, எடுத்தவர் இருபத்துநான்கு, மிச்சம் ஒன்று, கணக்குச் சரி என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏரம்பு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரஞ்சிதத்தின் வாய்க்கால் வாயில் மூன்று வருடமாக ஒரு ஏக்கருக்கென்று ஒடுக்கி வைத்திருந்த மண்ணை அகலமாக வெட்டிவிடப் போனார்.